பதவி உயர்வை மறுத்தால் தேங்கிவிட்டோம் என்று அர்த்தமா? ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கேள்விக்கு என் பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் காவேரிப்பட்டணத்துக்காரர். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவர். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பதாவது ஆண்டாக வேலை பார்க்கிறார். புனேயில் உள்ள ஆலைக்கு உதவி மேலாளராகப் போகிறீர்களா என்று நிர்வாகம் கேட்டது. வீட்டுச் சூழ்நிலையைப் பார்த்து வேண்டாம் என்றார். அவரிடம் ட்ரெய்னியாக வேலை கற்ற பையன் அந்தப் பதவிக்குப் போய்விட்டான். சொந்தக்காரர்கள் "வந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டாய்" என்கிறார்கள். கணவரோ, வேலையை விட்டுவிட்டு வா, நம் மாந்தோப்பை வைத்து ஏதாவது தொழில் தொடங்கலாம் என்கிறார். அவர் கேட்பது இதுதான்: "நான் தேங்கிவிட்டேனா? மேலே ஏறாமல் வளர்வது என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை ஏற முடியாதவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதலா அது?"

ஓசூரில் பயிற்சிப் பிரிவிலும் மனிதவளப் பிரிவிலும் என் வேலைக் காலம் முழுவதையும் கழித்தவன் நான். இப்போது சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கும் சிறு பட்டறைகளுக்கு ஆட்களைப் பயிற்றுவித்துக் கொடுக்கிறேன். அந்த இடத்தில் நின்றுதான் இந்தப் பதில்.

அப்படி ஒரு வளர்ச்சி இருக்கிறது, அம்மா. ஆனால் பதவிப் பெயரை வைத்து அதை அளக்க முடியாது. நான் வைத்திருக்கும் அளவு ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கு நீங்கள் கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் உங்களோடு என்னென்ன வரும்? பதவி வராது, அது அந்தக் கம்பெனியின் சொத்து. அடையாள அட்டையைக் கேட்டிலேயே வாங்கிக்கொள்வார்கள். கூட வருபவை உங்கள் கைவேலை, உங்கள் பெயரை நம்பும் ஆட்கள், சேர்ந்த பணம், கெடாத உடம்பு, உங்களை இன்னும் தெரிந்து வைத்திருக்கும் குடும்பம். மூன்று வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இவை கூடியிருந்தால் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள். பதவி ஏறியும் இவை குறைந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதவி உயர்வு எப்படி உண்டாகிறது என்பதை ஒருமுறை கணக்காகப் போட்டுப் பாருங்கள், மனது லேசாகும். ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். 512 பேருக்கு 64 மேற்பார்வையாளர்கள், அவர்களுக்கு 8 மேலாளர்கள், அந்த எட்டுப் பேருக்கும் தலைவர் 1. மொத்தம் 585 பேரில் 512 பேர், அதாவது நூற்றுக்கு எண்பத்தேழு பேருக்கு மேல், எந்த நேரத்திலும் அடித்தட்டில்தான் இருந்தாக வேண்டும். அத்தனை பேரும் தங்கமான வேலைக்காரர்களாக இருந்தாலும் கணக்கு மாறாது. மேலே ஒருவர் ஓய்வு பெற வேண்டும், அல்லது வேறு கம்பெனிக்குப் போக வேண்டும், அல்லது புதிதாக ஒரு லைன் திறக்க வேண்டும். உங்களுக்குக் கீழே கற்ற பையனுக்குக் கிடைத்தது புனேயில் காலியான ஓர் இடம். அது உங்களுக்குப் போட்ட மதிப்பெண் இல்லை. அவன் நல்ல பையன் என்றால் உங்களிடம் கற்றதை வைத்துத்தான் அங்கே பிழைக்கப் போகிறான். அதுவும் உங்கள் கணக்கில் சேரும்.

நம் பக்கத்தில் ஏன் பதவிக்கு இவ்வளவு எடை என்பதையும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் மேல் கோபப்படாதீர்கள். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதற்குப் பின் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அதுவரை இந்தப் பக்கத்தில் மழை பொய்த்தால் கேழ்வரகும் இல்லை, கூலியும் இல்லை. பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போவதுதான் வழி. தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்தில் இன்றும் அந்த வழி மூடவில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பையன் 'பர்மனென்ட்' ஆனான் என்றால், அந்த வீட்டின் அடுத்த தலைமுறையே கரையேறியது என்று பொருள். கிரேடு ஏற ஏறச் சம்பளமும் கடன் வாங்கும் தகுதியும் பெண் கொடுக்க வருபவர்களின் மரியாதையும் ஏறின. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே படிப்பையும் வேலையையும் அச்சடிக்கிறோமே, அந்த ஒரு வரிக்காகத் தூக்கம் கெட்டவர்கள் எத்தனை பேர்! உங்கள் மாமாவும் சித்தப்பாவும் பயத்திலிருந்து பேசுகிறார்கள். அந்தப் பயம் நியாயமான அனுபவத்திலிருந்து வந்தது. ஆனால் அவர்கள் பார்த்த ஓசூர் வேறு. சேர்ந்த கம்பெனியிலேயே ஓய்வு பெறுவது அன்று வழக்கம். இன்று கம்பெனி கைமாறுகிறது, லைன் வேறு மாநிலத்துக்குப் போகிறது, பெட்ரோல் வண்டிக்கான பாகம் மின்வண்டிக்குத் தேவைப்படுவதில்லை. போச்சம்பள்ளியில் 2021இல் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை வந்தபோதே இன்ஜின் பாகம் செய்யும் பட்டறைக்காரர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்படிப்பட்ட காலத்தில் ஏணியை மட்டும் நம்புவது பாதுகாப்பு இல்லை.

கைவேலை கூடுவது என்றால் என்ன என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். தகடு வெட்டும் அச்சுகளைச் செய்து பழுதுபார்க்கும் ஒரு டூல் ரூமில் வேலை பார்த்தார். ஐடிஐ படிப்பு. கடைசி வரை டெக்னீசியன் கிரேடுதான். பிரஸ்ஸில் அடித்து வரும் தகட்டில் 'பர்', அதாவது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு, வருகிறது என்று லைனை நிறுத்துவார்கள். இன்ஜினியர்கள் வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் வந்து ஒரு பீஸைக் கையில் எடுப்பார், ஓரத்தைச் சுற்றிக் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டுவார். நகம் ஒரு பக்கம் மட்டும் தட்டினால், மேலிருந்து வெட்டும் 'பஞ்ச்' கீழே உள்ள 'டை'யில் நேராக உட்காரவில்லை, ஒரு பக்கம் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அதாவது கிளியரன்ஸ், குறைந்து மறுபக்கம் கூடியிருக்கிறது என்பார். சுற்றிலும் ஒரே மாதிரித் தட்டினால் முனை மழுங்கிவிட்டது, கழற்றிச் சாணை பிடிக்க வேண்டும் என்பார். அதற்குப் பிறகு வெட்டுப்பட்ட விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பளபளப்பான பட்டை எவ்வளவு அகலம், சொரசொரப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக் கிளியரன்ஸ் எவ்வளவு இருக்கும் என்று சொல்வார். டையைக் கழற்றி அளந்தால் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும்.

அவருக்குக் கீழே ஒரு ஆள்கூடக் கிடையாது. ஆனால் புது டை வாங்கும் முடிவை அவரைக் கேட்காமல் யாரும் எடுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதே பேட்டையில் உள்ள பட்டறைகள் அவரை வண்டி அனுப்பி அழைத்துக்கொண்டன. அவரோடு வேலை பார்த்துத் துறைத் தலைவராக ஓய்வு பெற்ற சிலரை அதற்குப் பிறகு தேடி வந்தவர்கள் குறைவு. அவர்கள் மோசமானவர்கள் இல்லை. பத்துப் பதினைந்து வருடம் கூட்டங்களும் எக்செல் தாள்களுமாக இருந்ததில் கைவேலை அவர்களை விட்டுப் போயிருந்தது.

இதையே நிறுவன அமைப்பாகச் செய்தவர்களும் உண்டு. ஐபிஎம் 1962இல் 'ஃபெல்லோ' என்று ஒரு பதவியை உண்டாக்கியது. ஆட்களை மேய்க்கும் வேலைக்குப் போகாமலேயே ஒரு தொழில்நுட்ப வல்லுநர் நிர்வாகத்தின் உச்சத்தில் இருப்பவர்களுக்கு இணையான மதிப்போடு இருக்கலாம் என்பதற்காக வந்தது அது. நல்ல விஞ்ஞானியைச் சுமாரான மேலாளராக்கி இரண்டு பேரையும் இழந்துவிடக் கூடாது என்ற அனுபவ அறிவு அதன் பின்னால் இருக்கிறது. பிறகு பல கம்பெனிகள் தொழில்நுட்பத்துக்குத் தனி கிரேடு வைத்தன. ஓசூரிலும் பெரிய கம்பெனிகளில் 'ஸ்பெஷலிஸ்ட்', 'பிரின்சிபல் இன்ஜினியர்' என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் கம்பெனியில் அது காகிதத்தில் இருக்கிறதா, கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உண்டாக்கச் சொல்லிக் கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன்பு ஒரு விஷயம். "பதவியில் என்ன இருக்கிறது, மனநிறைவுதான் வெற்றி" என்று மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பதவியில் இருப்பவர்கள். இந்தப் பேச்சை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் ட்ரெய்னியாகவும் வேலை பார்க்கிறார்கள். அரூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறும் பெண்கள், செல்போன் பாகங்கள் செய்யும் ஆலைகளில் ஷிப்டு பார்க்கும் பெண்கள், அவர்களில் பலருக்கு ஏற ஒரு படிகூட இல்லை. மூன்று வருடம் ஒரே ஸ்குருவை முடுக்கிய பிள்ளைக்கு வெற்றியை மறுவரையறை செய்துகொள் என்று சொல்வது அநியாயம். அவளுக்குத் தேவை நிரந்தர வேலை, கிரேடு, வேறு வேலை கற்கும் வாய்ப்பு. பெண் என்பதாலோ, ஊரையும் சாதியையும் பார்த்தோ ஒருவருக்குப் பதவி மறுக்கப்பட்டால் அங்கேயும் ஆறுதல் வார்த்தைக்கு வேலை இல்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். உங்களுடையது அப்படிப்பட்டது இல்லை. உங்களுக்குத் தரப்பட்டது, நீங்கள் யோசித்து வேண்டாம் என்றீர்கள். அந்த வித்தியாசத்தால்தான் நான் உங்களிடம் இவ்வளவு தைரியமாகப் பேச முடிகிறது.

இப்போது பணம். நீங்கள் எழுதியதை வைத்தே பார்ப்போம். கையில் வருவது 58,000. புனேயில் 80,000 தருவதாகச் சொன்னார்கள். கூடுதல் 22,000. இப்போது இருப்பது மாமியார் வீடு, வாடகை இல்லை. குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். பஸ் கம்பெனியுடையது, மதியச் சாப்பாடு கேன்டீனில். புனேயில் ஆலைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு வாடகையே பதினெட்டாயிரம் என்கிறீர்கள். குழந்தைக்குக் காப்பகம், வேன் என்று இன்னும் எட்டு ஒன்பதாயிரம். கூடுதலாக வந்தது இங்கேயே தீர்ந்து கைப்பணத்தையும் தொடுகிறது. கணவர் காவேரிப்பட்டணத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மாதம் முப்பதாயிரம் வரும் அந்தக் கடையை மூடினால் அது நேரடி நஷ்டம். மூடாவிட்டால் குடும்பம் இரண்டு ஊரில். போர்வெல் மோட்டார் எரிந்தால் அன்றைக்கே ஓடி வருகிற ஆள் என்று சுற்றுவட்டாரத்தில் அவருக்கு ஒரு பெயர் இருக்குமே, அதைப் புனேக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஆகவே நீங்கள் மறுத்தது சரி. இருபத்தைந்து வயதில், கல்யாணத்துக்கு முன்பு கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன். வேறு ஊர், வேறு மொழி, வேறொரு ஆலையில் பொறுப்பேற்று நடத்தும் அனுபவம், இவையெல்லாம் கேட்டைத் தாண்டி உங்களோடு வரும் சரக்கு. அந்த வயதில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. அதே பதவி ஒருவருக்கு ஒரு காலத்தில் வளர்ச்சி, இன்னொரு காலத்தில் சுமை. குழந்தை பெரிதானதும் உங்களுக்கே போகத் தோன்றலாம். அப்போது போங்கள்.

இனி கணவர் சொல்லும் வேலையை விடும் யோசனை. இதில்தான் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். ஐடி வேலையை உதறிவிட்டு விவசாயத்தில் கொடிகட்டிப் பறப்பவர் என்று வீடியோக்கள் வருகின்றன. அதில் பாதிக் கதைகளில் கையிருப்பு எவ்வளவு, மனைவியின் சம்பளம் எவ்வளவு என்று சொல்வதில்லை. உங்கள் வீட்டில் மாதாமாதம் தவறாமல் வரும் வருமானம் உங்களுடையது. அதை அறுப்பதற்கு முன்பு சில விஷயங்களைப் பாருங்கள்.

உங்களுக்கு ஒன்பதாவது ஆண்டு நடக்கிறது. வேலையில் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் 15,000க்குள் இருந்திருந்தால் நீங்கள் பிஎஃப்போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்திலும் இருப்பீர்கள். மாதச் சம்பளச் சீட்டில் தெரியாது, பிஎஃப் பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்கு என்று தனிப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் திட்டத்தில் பத்தாண்டுப் பணி முடிந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதியை ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஒன்பதரை ஆண்டைத் தாண்டினாலே போதும். சில மாத அவசரத்தில் அதை இழந்தவர்கள் என்னிடம் வந்து வருந்தியிருக்கிறார்கள். பணிக்கொடை ஐந்து ஆண்டு முடிந்ததுமே உங்களுக்கு உரிமையாகிவிட்டது. கடைசி அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைச் சேர்த்து, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 30,000 என்றால் ஒன்பது வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். அது தொழில் முதல் இல்லை, ஆறு மாத வீட்டுச் செலவு. பிஎஃப் பணத்தைத் தோப்பில் போடவே போடாதீர்கள்.

அதைவிட முக்கியம் மருத்துவக் காப்பீடு. வேலையை விட்ட நாளோடு கம்பெனியின் குழுக் காப்பீடு நின்றுவிடும். மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்கள். தனியாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. விடப் போகிறீர்களோ இல்லையோ, குடும்பத்துக்கென்று ஒரு சொந்தப் பாலிசியை இந்த வருடமே தொடங்கிவிடுங்கள். அந்தக் காத்திருப்புக் காலம் நீங்கள் சம்பளம் வாங்கும்போதே கழியட்டும்.

தோப்பைப் பற்றி. நான்கு ஏக்கரும் பெங்களூரா ரக மாமரம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூராவுக்குக் கூழ் ஆலைதான் பெரிய வாடிக்கை. ஆலைக்காரர் சொல்வதுதான் விலை. 2025 சீசனில் அந்த விலை எப்படிச் சரிந்தது, கிருஷ்ணகிரியில் விவசாயிகள் எப்படி வீதிக்கு வந்தார்கள் என்பதை நீங்களே பார்த்தீர்கள். பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. இதற்குப் பதிலாக நாமே கூழ் ஆலை வைக்கலாம் என்று கணவர் நினைத்தால், அது கோடிகளில் முதல் கேட்கும் தொழில், வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் ஓடும். நான்கு ஏக்கர்க்காரர் அதில் இறங்கக் கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நான்கு ஏக்கரில் ஒரு பகுதியின் பழைய மரங்களைத் தலைவெட்டி, வரும் தளிர்களில் செந்தூராவோ அல்போன்சாவோ மல்கோவாவோ ஒட்டுக் கட்டுவேன். இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கத் தொடங்கும். எந்த மரத்தை வெட்டலாம், எந்த மாதத்தில் ஒட்டுக் கட்டலாம் என்று பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒட்டுக் கட்ட ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, சந்தூர் பக்கத்தில் அதையே பரம்பரையாகச் செய்கிறார்கள். அங்கே ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். கொட்டை முளைத்து இலை இன்னும் செம்பு நிறம் மாறாத கன்றின் தண்டை நறுக்கி நடுவில் பிளக்கிறார்கள். அதே பருமனுள்ள, நல்ல ரகத் தாய்மரத்தின் குச்சியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரிச் சீவிப் பிளவுக்குள் இறக்கி, பட்டையும் பட்டையும் ஒட்டும்படி விரலால் தள்ளிப் பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். கண் இமைக்கும் நேரம்தான். சீவிய முகத்தில் மண்ணோ விரல் அழுக்கோ பட்டால் ஒட்டாது. எத்தனை கட்டினார்கள் என்பதற்குக் கூலி, எத்தனை பிழைத்தது என்பதற்குப் பெயர். நன்றாக ஒட்டுக் கட்டும் பெண்ணை எந்த நர்சரிக்காரரும் விடமாட்டார். அந்தக் கைக்கும் என் டூல் ரூம் நண்பரின் கட்டைவிரலுக்கும் நான் வித்தியாசம் பார்க்கவில்லை.

அந்த மரங்கள் காய்க்கும் வரை உங்களுக்கு வேலை இருக்கட்டும். காய்த்த பிறகு உங்கள் ஒன்பது வருட அனுபவம் அங்கே உதவும். பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பெட்டியில் பழம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது தரத்தில்தான். மேல் அடுக்கில் நல்ல பழம், கீழே வெம்பல். ஒரு பெட்டி பழுத்தது, ஒரு பெட்டி காய். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, எத்திலீன் வாயு அளவோடு அனுமதி. எந்தத் தோப்பு, எந்த நாள் பறிப்பு, எத்தனை நாள் அறையில் இருந்தது என்று பெட்டிக்குப் பெட்டி குறித்து வைப்பது உங்களுக்குப் பழகிப்போன வேலை. தோப்புக்காரர்களில் எத்தனை பேருக்கு அது வரும்? பிறகு பெரிதாகச் செய்யும் தைரியம் வந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பட்டம் படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான 'நீட்ஸ்' திட்டத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. மானியத்துக்காகத் தொழிலைப் பெரிதாக்காதீர்கள் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஏணிக்கு வெளியே வளர்ந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அரூரைத் தாண்டிச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993இல் அங்கே வந்து ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று அது மருத்துவமனை. இரண்டு பேரும் நகரத்தில் இருந்திருந்தால் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் துறைத் தலைவர் ஆகியிருக்கலாம். ஆனால் அவர்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அங்கே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பழங்குடிப் பெண்கள். அதிகம் படிக்க வாய்ப்பில்லாத பிள்ளைகள் பிரசவம் பார்க்கவும், அறுவை அறையில் உதவவும், ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளின் எடையைக் கண்காணிக்கவும் கற்றுக்கொண்டார்கள். எந்த அமைப்பு வரைபடத்திலும் அவர்களுக்குப் பெரிய கட்டம் கிடையாது. ஆனால் அந்த மலையில் ஒரு கர்ப்பிணிக்கு நள்ளிரவில் வலி வந்தால் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

ஓசூர் பக்கத்திலேயே இன்னொன்று. டைட்டன் கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டைகளைக் கோர்க்கும் வேலையை மைராடா தொண்டு நிறுவனத்தின் மூலம் கிராமத்து மகளிர் குழுக்களிடம் 90களில் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் 'மெடோ' என்று தங்களுக்கென ஒரு கம்பெனியையே அமைத்துக்கொண்டார்கள். டைட்டனுக்குள் வேலைக்குச் சேர்ந்து கிரேடு ஏறும் படிப்பு அவர்களிடம் இல்லை. டைட்டனோடு ஒப்பந்தம் பேசும் இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

மறுபடி உங்கள் வேலைக்கு வருகிறேன். விடாமல், புனேக்கும் போகாமல், இதே ஓசூரில் எப்படி வளர்வது? பக்கவாட்டில் நகருங்கள். இன்று நீங்கள் ஆய்வு மேஜையில் இருந்துகொண்டு வந்த பாகத்தை அளந்து தள்ளுகிறீர்கள். அடுத்தது சப்ளையர் தரப் பிரிவு. பாகம் தப்பாக வரும் பட்டறைக்கே போய், ஏன் தப்பு வருகிறது என்று அவர்களோடு நின்று சரிசெய்யும் வேலை. சம்பளம் உடனே ஏறாது. ஆனால் இரண்டு வருடத்தில் வார்ப்பு, ஃபோர்ஜிங், பிளாஸ்டிக், முலாம் பூசுதல் என்று நான்கு தொழில்கள் உங்களுக்குத் தெரிந்துவிடும், நாற்பது பட்டறை முதலாளிகளுக்கு உங்களைத் தெரிந்துவிடும். வாகனத் துறைக்கான தர நிர்வாகத் தரநிலையான ஐஏடிஎஃப் 16949இல் உள்தணிக்கையாளர் பயிற்சியைக் கம்பெனிச் செலவிலேயே கேட்டு வாங்குங்கள். பாகங்களைத் துல்லியமாக அளக்கும் சிஎம்எம் இயந்திரத்தை ஓட்ட மட்டும் தெரிந்திருந்தால் புரோகிராம் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். இவை மூன்றும் கையில் இருக்கும் ஆள் இந்தப் பேட்டையில் கிடைப்பதில்லை, இது நான் தினமும் பார்க்கும் பஞ்சம். சிறு பட்டறைகள் அப்போது உங்களைத் தனியாக வந்து உதவக் கேட்கும். வேலையில் இருக்கும்போது அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நியமனக் கடிதத்தில் வெளிவேலை கூடாது என்று ஷரத்து இருக்கும், அதுவும் சப்ளையரிடம் காசு வாங்கினால் பெயரே போய்விடும்.

கடைசியாக, நிர்வாகத்திடம் பேசும் விதம். நீங்கள் புனேயை மறுத்தது உங்கள் கோப்பில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெண் இடமாற்றத்தை மறுத்தால் 'பொறுப்பேற்க விருப்பமில்லை' என்று எழுதிவிடும் வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு வரி ஐந்தாறு வருடம் துரத்தும். ஆகவே இந்த வாரமே மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தப் பொறுப்பை ஏற்கத் தயார், குடும்பக் காரணத்தால் அந்த ஊருக்கு மட்டும் இப்போது போக இயலவில்லை, ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ அதே நிலையில் இடம் வந்தால் என்னைக் கருதுங்கள் என்று நான்கு வரி. பணிவாக, தெளிவாக.

பிறகு மார்ச் மாத மதிப்பீட்டுக்குப் போகும்போது "எனக்கு ஏன் தரவில்லை" என்று தொடங்க வேண்டாம். நீங்கள் முடித்துக்கொடுத்த வாடிக்கையாளர் புகார்களைப் பட்டியலாக எடுத்துப் போங்கள். எந்தப் பாகம், என்ன குறை, மூல காரணம் என்ன, பிறகு அது திரும்ப வந்ததா, கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம். உங்களிடம் கற்றுச் சென்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் அதில் எழுதுங்கள், புனேக்குப் போன பையன் உட்பட. அதை மேஜையில் வைத்துவிட்டு, இந்த வேலைக்கு ஸ்பெஷலிஸ்ட் கிரேடு உண்டா, இல்லையென்றால் என்ன செய்தால் வரும், எப்போது வரும் என்று கேளுங்கள். தேதியோடு பதில் வந்தால் இருங்கள். அடுத்த வருடமும் "பார்க்கலாம்" என்றே சொன்னால், அதே பட்டியலை வைத்து ஓசூரிலேயே வேறு இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பியுங்கள். அதற்குள் ஒன்பதரை ஆண்டும் தாண்டியிருக்கும்.